சாய்வு சைக்கிளுக்கு ஃபிக்ஸட் கியர் ஏற்றதா?

சாய்வு சைக்கிள் ஒன்றை வாங்கவோ சொந்தமாகக் கட்டிக்கொள்ளவோ திட்டமிடுகிறவர்களில் சிலருக்கு, அதில் ஃபிக்ஸட் கியர் போட்டுவிட்டால் பராமரிப்பு வேலையே இருக்காதே என்ற எண்ணம் வருவதுண்டு. அப்படி எண்ணுவதற்குத் தகுந்த காரணமும் இருக்கிறது. சாதாரண சைக்கிளில் ஃபிக்ஸட் கியர் ஓட்டிப் பழகியவர்கள் அதை எளிதில் கைவிடுவதில்லை. கியர் மாற்றும் லீவர் இல்லை, அதற்கான கேபிள் இல்லை, செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் டீரெய்லர் இல்லை, காலை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் பிரீவீல்கூட இல்லை. முன்னே ஒரு பல்சக்கரம், பின்னே ஒரு பல்சக்கரம், இரண்டையும் இணைக்கும் ஒரு செயின், அவ்வளவுதான். அதே எளிமையைச் சாய்வு சைக்கிளுக்கும் கொண்டுவர முடியுமா, கொண்டுவந்தால் அது அன்றாடம் ஓட்டத் தகுந்ததாக இருக்குமா, அதைவிடப் பொருத்தமான அமைப்புகள் எவை என்பதே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின் சக்கரத்தால் ஓடும் இருசக்கரச் சாய்வு சைக்கிளில் ஃபிக்ஸட் கியர் அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்தது அல்ல. ஊர் சமதளமாக இருக்குமானால், மூன்று சக்கரச் சாய்வு வண்டியிலும் முன் சக்கரத்தால் ஓடும் சில வடிவங்களிலும் அதற்கு இடம் உண்டு.

இரண்டு பொருள்களையும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஃபிக்ஸட் கியரில் பின் பல்சக்கரம் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். இறக்கத்தில் காலை நிறுத்தி ஓய்வெடுக்க முடியாது. குழந்தைகள் ஓட்டும் சிறிய மூன்று சக்கர வண்டியில் முன் சக்கரத்தோடு சேர்ந்தே பெடல் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் இயல்பு உடனே விளங்கிவிடும். சாய்வு சைக்கிளில் ஓட்டுபவர் நாற்காலி போன்ற இருக்கையில் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிப்பார். பெடல்களும் அவற்றைத் தாங்கும் கிராங்கும் பல வடிவங்களில் முன் சக்கரத்துக்கும் முன்னால், 'பூம்' எனப்படும் நீட்டுக் குழாயின் நுனியில் இருக்கும். மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு ஆகியவற்றின் மீது விழும் பளு குறைவு என்பதாலும், காற்றின் எதிர்ப்பு குறைவு என்பதாலும் இதை விரும்புகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை இந்த வடிவத்தின் மேன்மை நெடுங்காலத்துக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்ற ஓட்டுநர், சார்ல் மோஷே வடிவமைத்த வெலோகார் என்ற சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓடி, 1914 முதல் நின்றிருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கி.மீ. சாதனையைக் கடந்தார். அடுத்த ஆண்டே பன்னாட்டுச் சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிளுக்குப் புதிய வரையறை வகுத்து, சாய்வு வடிவத்தைச் சாதனைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டது. அந்த முடிவு நியாயமற்றது என்பதே என் கருத்து. ஆனால் நமது கேள்விக்கு இந்த வரலாறு உதவாது. பந்தயத் தடத்தில் ஏற்றமும் இல்லை, சிக்னலும் இல்லை, குறுக்கே வரும் ஆளும் இல்லை. ஒருமுறை வேகம் பிடித்தால் அதே வேகத்தில் நிற்காமல் ஓடலாம். தெருவில் ஓட்டுவதற்கு அங்கிருந்து பாடம் எடுக்க முடியாது.

சிக்கலின் வேர் செயினில் இருக்கிறது. சாதாரண சைக்கிளின் செயின் சுமார் 1.4 மீட்டர் நீளம். பின் சக்கரத்தால் ஓடும் சாய்வு சைக்கிளில் அது பொதுவாக 3.5 மீட்டர் அளவுக்குப் போகும். இரண்டரைச் செயின்களை ஒன்றாகக் கோத்தால்தான் போதும். பெரும்பாலான வடிவங்களில் அவ்வளவு நீளமான செயின் கிராங்கிலிருந்து நேர்கோட்டில் பின் சக்கரத்துக்குப் போக முடியாது. வழியில் முன் சக்கரமும் இருக்கையும் குறுக்கிடும். ஆகவே இருக்கைக்கு அடியில் 'ஐட்லர்' எனப்படும் உருளைகளை வைத்து, செயினை அவற்றின் மீது வளைத்துத் திருப்பிவிடுகிறார்கள். இழுக்கும் பக்கத்துக்கு ஒன்று, திரும்பி வரும் பக்கத்துக்கு ஒன்று. சில வண்டிகளில் திரும்பும் பக்கத்தில் உருளைக்குப் பதிலாக வெறும் பிளாஸ்டிக் குழாய்தான் இருக்கும். செயின் அதற்குள் நுழைந்து வெளியே வரும்.

பிரீவீல் உள்ள வண்டியில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். ஏனென்றால் இழுவிசை முழுவதையும் மேல் பக்கச் செயின் மட்டுமே தாங்குகிறது; கீழ்ப்பக்கச் செயின் தொய்ந்தபடி வெறுமனே திரும்பி வருகிறது. வடிவமைப்பாளர்கள் மேல் உருளையை உறுதியான பேரிங்குகளோடு அமைத்து, கீழ் உருளையை இலேசானதாக விட்டுவிடுவதற்கும் அதுவே காரணம். ஃபிக்ஸட் கியரில் இந்த வேலைப் பிரிவினை குலைந்துபோகிறது. வேகத்தைக் குறைக்கக் காலால் பெடலை எதிர்த்துத் தள்ளும் கணத்தில் மேல் செயின் தொய்ந்து, கீழ்ச் செயின் விறைக்கிறது. இலேசான அந்தக் கீழ் உருளைதான் இப்போது முழுச் சுமையையும் தாங்க வேண்டும்.

சுமையின் அளவைச் சிறிய கணக்கால் அறியலாம். 42 பல் கொண்ட முன் பல்சக்கரத்தின் ஆரம் சுமார் 85 மி.மீ.; கிராங்கின் நீளம் 170 மி.மீ. என்று கொள்வோம். பெடலின் மீது 40 கிலோ அளவு அழுத்தினால் செயினில் அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 80 கிலோ அளவு இழுவிசை பிறக்கும். செயின் உருளையின் மீது 20 பாகை மட்டும் வளைந்து சென்றாலும் உருளையின் அச்சில் சுமார் 28 கிலோ அளவு பக்கவாட்டுச் சுமை விழும். எதிர்த்துத் தள்ளுகையில் இதில் பாதி விசையே எழுகிறது என்று வைத்துக்கொண்டாலும், தொய்ந்த செயினை வழிநடத்துவதற்கென்று பொருத்திய சிறிய பிளாஸ்டிக் உருளை ஒவ்வொரு நிறுத்தத்திலும் 14 கிலோ அளவைத் தாங்க வேண்டியிருக்கிறது. குழாய் மட்டும் இருக்கும் வண்டியில் செயின் அதன் உட்சுவரை அறுத்துக்கொண்டே போகும்.

செயினின் தொய்வு இன்னொரு பிரச்சினை. ஃபிக்ஸட் கியரில் செயினின் தொய்வை இழுத்துப் பிடிக்கும், ஸ்பிரிங் பூட்டிய டென்ஷனரைப் பயன்படுத்தவே கூடாது. எதிர்த்து மிதிக்கும்போது ஸ்பிரிங் நசுங்கி, செயின் துள்ளி வெளியேறிவிடும். எனவே ஆக்சிலை நகர்த்தியோ கிராங்கை நகர்த்தியோதான் செயினை இறுக்கியாக வேண்டும். ஒரே இழுவிசையில், தாங்கலின்றித் தொங்கும் நீளம் மூன்று மடங்கானால் தொய்வு ஒன்பது மடங்காகும். அந்தத் தொய்வைப் போக்கச் செயினை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பேரிங்குகள் இறுகி வண்டி கனக்கும்; தளர்த்தி விட்டால், மிதிப்பிலிருந்து எதிர்மிதிப்புக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பெடல் சற்று வெற்றாக நகர்ந்து பின்னர் வெட்டெனப் பிடிக்கும். ஃபிக்ஸட் கியரை விரும்புகிறவர்கள் பெரிதும் போற்றும் நுட்பமான உணர்வு, சக்கரமும் காலும் ஒன்றாகிவிட்டது போன்ற அந்த உணர்வு, இந்த இடைவெளியில்தான் தொலைந்துபோகிறது.

செயின் தேய்ந்து நீள்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அது பலரும் அஞ்சுவதைவிடச் சிறிய பிரச்சினை. அரை சதவீதம் நீண்டால் செயினை மாற்ற வேண்டும் என்று கொண்டால், சாதாரண செயினில் அது 7 மி.மீ.; 3.6 மீட்டர் செயினில் 18 மி.மீ. எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் நீண்ட செயினின் ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தின் மீது குறைந்த தடவையே வளைகிறது; ஆகவே அது அந்த 18 மி.மீ. நீள்வதற்கு அதே விகிதத்தில் அதிகத் தொலைவு ஓட வேண்டும். இறுக்க வேண்டிய தடவைகள் பெரிதாகக் கூடுவதில்லை. இறுக்குவதற்கான இடம் மட்டும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பூமை நீட்டி இறுக்கலாமே என்று தோன்றும். பூமின் நீளமோ ஓட்டுபவரின் கால் அளவுக்கென்று வைத்தது. அதை 10 மி.மீ. நகர்த்தினால் செயினுக்கு 20 மி.மீ. மாற்றம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் முழங்காலுக்கு ஏற்ற தூரம் அதனால் கெட்டுவிடும். பின் ஆக்சிலை முன்னும் பின்னும் நகர்த்தும் கிடைமட்டப் பிளவுகள் ஃபிரேமில் இல்லையென்றால், அந்த ஃபிரேமில் ஃபிக்ஸட் கியர் போடும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. ஓடும்போது செயின் கழன்று பல்லுக்கும் ஹப்புக்கும் இடையில் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து உடல். இருசக்கரச் சாய்வு சைக்கிளை நின்ற நிலையிலிருந்து கிளப்புவதைக் கூர்ந்து பார்த்தால் ஃபிக்ஸட் கியரின் இடர் தெளிவாகப் புலப்படும். ஓட்டுபவர் இருக்கையில் சாய்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியிருக்கிறார். மற்றக் காலை உயரே இருக்கும் பெடலில் வைத்து, அதைத் தமக்குச் சற்று அருகே, மேலிருந்து முன்னோக்கித் தள்ள ஏற்ற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிரீவீல் இருந்தால் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஃபிக்ஸட் கியரில் வண்டியே நகர்ந்தால்தான் பெடல் நகரும். சாதாரண சைக்கிளில் செய்வதுபோல் பின் சக்கரத்தைச் சற்றுத் தூக்கிச் சுற்றிவிடவும் வழியில்லை, ஏனெனில் ஓட்டுபவரின் எடை முழுவதும் இருக்கையில் கிடக்கிறது. எப்படியோ முதல் மிதி விழுந்து வண்டி கிளம்பியதும், தரையில் இருந்த காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அதற்குள் சுழன்றுகொண்டிருக்கும் இரண்டாவது பெடலைப் பிடிக்க வேண்டும். பெடல் காத்திருக்காது. வண்டி சமநிலைக்குத் தேவையான வேகத்தை இன்னும் எட்டாத அந்த ஓரிரு நொடிகளில்தான் இவ்வளவும் நடக்க வேண்டும். நகரத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

குதிகால் சக்கரத்தில் இடிப்பது இதைவிடக் கடுமையானது. குறுகிய சக்கர இடைவெளி கொண்ட வடிவங்களில் பெடல் முன் சக்கரத்துக்கு மேலும் முன்னுமாகச் சுற்றுவதால், வண்டியை நன்றாகத் திருப்பும்போது டயர் குதிகாலைத் தொடும். அனுபவமுள்ளவர்கள் திருப்பத்துக்கு முன் மிதிப்பதை நிறுத்தி, டயரின் வழியிலிருந்து காலை விலக்கி வைத்துக்கொள்வார்கள். ஃபிக்ஸட் கியரில் அது முடியாத காரியம். திருப்பம் முடியும் வரை கால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். குறுகிய சந்தில் திரும்பும் மெதுவான வேகத்தில் டயரும் காலும் மோதினால் விழுவது நிச்சயம். என்னைப் பொறுத்தவரை, இருசக்கரக் குறுவடிவத்தில் ஃபிக்ஸட் கியரை நிராகரிக்க இந்த ஒன்றே போதுமான காரணம்.

நியாயமாகப் பார்த்தால் சாய்வு வடிவம் ஃபிக்ஸட் கியருக்குச் சாதகமாக இருக்கும் இடங்களும் உண்டு. கிராங்க் உயரத்தில் இருப்பதால், வளைவில் வண்டி சாயும்போது பெடல் தரையில் இடிக்கும் ஆபத்து பெரும்பாலும் இல்லை. சாதாரண ஃபிக்ஸட் கியர் வண்டியில் அது உண்மையான ஆபத்து. எதிர்மிதிப்பு பலமும் இங்கே அதிகம்: தம்மை நோக்கி வரும் பெடலைக் காலால் எதிர்த்துத் தள்ளும்போது முதுகு இருக்கையில் ஊன்றிக்கொள்கிறது; உடல் எடையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. சாய்வு சைக்கிள் ஓட்டுபவர்களில் பலர் 150 அல்லது 155 மி.மீ. குறுங்கிராங்குகளை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். வேகமாகச் சுழற்ற வேண்டிய ஃபிக்ஸட் கியருக்கு அது மிகவும் பொருந்தும். ஆனால் வண்டியை வழுக்கி நிறுத்துவதற்காகப் பின் சக்கரத்தின் மீதிருக்கும் எடையை உடலை முன்னே சாய்த்துக் குறைப்பது போன்ற உத்திகள் எதற்கும் இங்கே இடமில்லை; உடல் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இனி ஒரே கியரில் எவ்வளவு வேக வீச்சைச் சமாளிக்கலாம் என்று பார்ப்போம். முன்னே 42 பல், பின்னே 16 பல், சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் ஒரு முழு மிதிக்கு வண்டி சுமார் 5.5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ.; நல்ல வேகம். ஏற்றத்தில் வேகம் 8 கி.மீ.-க்கு இறங்கினால் சுற்று 24 ஆகிவிடும். சாதாரண சைக்கிளில் அந்த நிலையில் எழுந்து நின்று உடல் எடையைப் போட்டு மிதிக்கலாம். சாய்வு சைக்கிளில் எழ முடியாது. இருக்கையை ஊன்றி அழுத்தலாம்தான், ஆனால் அந்த அழுத்தம் முழுவதும் முழங்காலில் இறங்கும். போதாக்குறைக்கு, அந்த வேகத்தில் இருசக்கரச் சாய்வு வண்டியை நேராக நிறுத்தி வைப்பதே பலருக்குச் சிரமம். இறக்கத்தில் 45 கி.மீ. வேகம் வந்தால் சுற்று 136, 60 கி.மீ.-க்கு 181. அவ்வளவு வேகமாகச் சுழலும் பெடலிலிருந்து ஒரு கால் நழுவினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே நிலத்தின் தன்மைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. காற்றின் எதிர்ப்பு குறைவாக இருப்பதால், எதிர்க்காற்று வீசும் நாளிலும் வீசாத நாளிலும் சாய்வு சைக்கிளின் வேகத்தில் வேறுபாடு சாதாரண சைக்கிளைவிடக் குறைவு. ஆகவே சமதளத்தில் ஒரே கியரைக் கொண்டு சமாளிப்பது இதில் இன்னும் எளிது. மலைநாட்டில் நிலைமை நேர்மாறு. ஏற்றத்தில் காற்று பொருட்டே அல்ல. அங்கே சாய்வு வடிவத்துக்கு எந்த நன்மையும் இல்லை. இறக்கத்திலோ அதே வடிவம் வண்டியை மேலும் விரைவுபடுத்துகிறது. வேக வீச்சு இரு முனைகளிலும் விரிகிறது, ஒற்றைக் கியரோ நடுவில் நிற்கிறது. நெதர்லாந்தின் ஃப்ளேவோலாண்ட் மாகாணத்தில் இருக்கும் ட்ரோன்டன் ஊரையும், இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருக்கும் ஃபால்மத் ஊரையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சாய்வு வண்டி உலகில் பெயர்பெற்றவை. ட்ரோன்டனில் ஃப்ளேவோபைக், வெலோமொபில் நிறுவனங்களும், ஃபால்மத்தில் மூன்று சக்கரச் சாய்வு வண்டிகள் செய்யும் ஐசிஇ நிறுவனமும் இயங்குகின்றன. ட்ரோன்டன் அமைந்திருப்பது 1957-இல் நீரை வெளியேற்றி மீட்ட நிலம். கடல்மட்டத்துக்குக் கீழே தட்டையாகக் கிடக்கிறது. அங்கே ஃபிக்ஸட் கியர் பற்றி யோசிக்கலாம். குட்டையான, ஆனால் செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் நிறைந்த கார்ன்வாலில் யோசிக்கவே வேண்டாம்.

இனி மாற்று அமைப்புகள். ஃபிக்ஸட் கியரின் எளிமைதான் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் காட்டுவது பிரீவீல் உள்ள ஒற்றைக் கியர். லீவரும் கேபிளும் இல்லாத அதே எளிமை இதிலும் கிடைக்கும். கீழ்ச் செயின் தொய்ந்தே இருப்பதால் ஸ்பிரிங் டென்ஷனரும் இலேசான உருளையும் போதும். கிளம்பும்போது பெடலைப் பின்னோக்கிச் சுற்றலாம். திருப்பத்தில் காலை நிறுத்தலாம். அதாவது ஃபிக்ஸட் கியரின் குறைகளில் பெரும்பாலானவை ஒரே அடியில் நீங்கிவிடும். இழப்பது இரண்டுதான்: காலால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி, சக்கரத்தோடு ஒன்றிய உணர்வு. ஏற்றத்தில் படும் பாடு மட்டும் அப்படியேதான் இருக்கும்.

பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் ஹப்பை இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம் என்று சிலர் கருதுகிறார்கள். சாய்வு சைக்கிளில் அது அவ்வளவு நல்ல சமரசம் அல்ல. பிரேக் பிடிக்கும்போது கீழ்ச் செயின்தான் விறைக்கிறது. எனவே உருளைச் சிக்கலும் டென்ஷனர் தடையும் இதற்கும் அப்படியே பொருந்தும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி இடம் பார்க்கவும் முடியாது. குதிகால் இடிக்கும் பிரச்சினை மட்டுமே தீர்கிறது.

ஃபிக்ஸட் கியரும் வேண்டும், ஏற்றமும் ஏற வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் எஸ்3எக்ஸ் என்ற மூன்று வேக ஃபிக்ஸட் ஹப் இருக்கிறது. அதன் மேல் கியர் நேரடி இயக்கம்; மற்ற இரண்டும் அதில் 75 சதவீதமும் 62.5 சதவீதமும். மேல் கியரை ஒரு மிதிக்கு 6 மீட்டர் என்று வைத்தால் மற்றவை 4.5 மீட்டரும் 3.75 மீட்டரும் ஆகும். 8 கி.மீ. வேகத்தில் கீழ் கியரில் நிமிடத்துக்குச் சுமார் 36 சுற்று மிதிக்கலாம். 24-ஐவிட இது எவ்வளவோ மேல், ஆனால் இன்னும் கனம்தான். இறக்கத்தில் 45 கி.மீ. வேகத்துக்கு 125 சுற்று. கிளம்பும்போது கீழ் கியரில் கிளம்பலாம் என்பது இதன் பெரிய வசதி. குறை என்னவென்றால், உள்ளே பல்சக்கரங்கள் இருப்பதால் மிதிப்பும் எதிர்மிதிப்பும் மாறும் இடத்தில் ஹப்பிலேயே ஓர் இடைவெளி உண்டு. நீண்ட செயினின் தொய்வும் அதோடு சேர்ந்துகொள்ளும்போது நேரடித் தொடர்பின் சுகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கீழ்ச் செயினின் சுமையும், குதிகால் சிக்கலும் மாறவில்லை. ஃபிக்ஸட் கியரின் விலை முழுவதையும் கொடுத்து, அதன் பலனில் பாதியை மட்டும் வாங்குவதாகவே இருசக்கர வண்டியில் இது முடியும்.

உள்ளே கியர் வைத்த சாதாரண ஹப்புகளே சாய்வு சைக்கிளுக்கு இயல்பாகப் பொருந்துபவை என்பது என் துணிபு. காரணம் எளியது: அவற்றில் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே கியரை மாற்றலாம். எழுந்து நின்று மிதிக்க முடியாத வண்டியில், திடீரென்று நிறுத்த நேர்ந்த பிறகு கனமான கியரிலேயே கிளம்புவது பெரும் தொல்லை. ஹப் கியரில் சிக்னலில் காத்திருக்கும்போதே கீழ் கியருக்கு இறக்கிவிடலாம். ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏடபிள்யூ மூன்று வேக ஹப் 177 சதவீத வீச்சைத் தருகிறது; அதாவது மேல் கியர் கீழ் கியரைப்போல் 1.77 மடங்கு. சமதளத்துக்கும் மேம்பாலங்களுக்கும் அது போதும். ஷிமானோவின் நெக்ஸஸ், ஆல்ஃபைன் எட்டு வேக ஹப்புகள் 307 சதவீதம். ரோலாஃபின் 14 வேக ஹப் 526 சதவீதம் வரை போகும். கிடைமட்டப் பிளவு இல்லாத ஃபிரேமில்கூட ஸ்பிரிங் டென்ஷனரோடு பூட்டலாம், விலைதான் பலருக்கு எட்டாது. இவை எல்லாவற்றிலும் பின்னால் ஒரே பல்சக்கரம். செயினை நெடுகக் குழாய்க்குள் நுழைத்துவிட்டால் மழையும் மணலும் அண்டாது, காற்சட்டையிலும் எண்ணெய்க் கறை படியாது. பராமரிப்புக் குறைவு என்ற ஆசையால் ஃபிக்ஸட் கியரைத் தேடி வந்தவர் உண்மையில் தேடுவது இதைத்தான்.

டீரெய்லரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விற்பனைக்கு வரும் சாய்வு வண்டிகளில் பெரும்பான்மை அதனுடன்தான் வருகின்றன. முன்னே 52, 42, 30 பற்களும் பின்னே 11 முதல் 36 பற்கள் வரையும் வைத்தால் 567 சதவீத வீச்சு கிடைக்கும். அந்த விலைக்கு வேறெதிலும் கிடைக்காது. குறிப்பிடத்தக்க ஒன்று: செயின் நீளமாக இருப்பதால், பக்கவாட்டில் கோணலாக ஓடுவதால் ஏற்படும் தேய்மானம் சாதாரண சைக்கிளைவிடக் குறைவு. நிற்பதற்கு முன்பே கியரை இறக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் மலைநாட்டுக்கு இதுவே சரியான தெரிவு.

மூன்று சக்கரச் சாய்வு வண்டிக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் கொண்ட இவ்வண்டி தானாக நிற்கும். கிளம்பும்போது சமநிலையைப் பற்றிய கவலையே இல்லை. இரண்டு காலையும் பெடலில் பூட்டிக்கொண்டு சிக்னலில் காத்திருக்கலாம், நாலைந்து கி.மீ. வேகத்தில் ஊர்ந்து ஏற்றம் ஏறலாம். குதிகால் சக்கரத்தில் இடிப்பதும் இல்லை, ஏனெனில் சக்கரங்கள் காலின் இரு புறமும் விலகி இருக்கின்றன. இவற்றைவிடச் சுவையானது ஒன்று உண்டு: ஃபிக்ஸட் கியர் போட்ட மூன்று சக்கர வண்டி பின்னோக்கியும் ஓடும். வழக்கமான மூன்று சக்கர வண்டியைப் பின்னே எடுக்க வேண்டுமென்றால் இருக்கையில் அமர்ந்தபடி கையால் முன் டயர்களைத் தள்ள வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். இதிலோ பின்னோக்கி மிதித்தால் போதும். முட்டுச் சந்துகளும் நெருக்கமான நிறுத்துமிடங்களும் உள்ள ஊரில் இது உண்மையான வசதி. நெரிசலில் மெல்ல நகர வேண்டியவர்களுக்கு எஸ்3எக்ஸ் ஹப் பொருத்திய மூன்று சக்கர வண்டியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

அங்கேயும் எச்சரிக்கை தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்று சக்கர வண்டியில் கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், நகரும் வண்டி அந்தக் காலின் மீதே ஏறி, குறுக்குச் சட்டத்துக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். கணுக்கால் முறிந்தவர்கள் இருக்கிறார்கள். பெடல் சுழன்றுகொண்டே இருக்கும் ஃபிக்ஸட் கியரில் நழுவும் வாய்ப்பு கூடுதல், நழுவிய காலைப் பெடல் திரும்ப வந்து அடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே காலணியைப் பெடலோடு பூட்டும் அமைப்போ, குதிகாலைத் தாங்கும் பட்டையோ இல்லாமல் இதை ஓட்டக் கூடாது. பின் சக்கரத்தின் மீது எடை குறைவு என்பதால், வளைவில் கடுமையாக எதிர்மிதித்தால் பின்பகுதி வழுக்கி வண்டி சுழலவும் கூடும்.

இருசக்கரமே வேண்டும், ஃபிக்ஸட் கியரும் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு எஞ்சியிருப்பது முன் சக்கரத்தால் ஓடும் வடிவம். கிராங்கும் பூமும் முன் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும் குரூஸ்பைக் போன்ற வண்டிகளில் செயின் சாதாரண சைக்கிளின் அளவுதான். உருளையும் இல்லை, குழாயும் இல்லை. கீழ்ச் செயின் நேராகவும் குட்டையாகவும் இருப்பதால் எதிர்மிதிப்பை அது நன்றாகத் தாங்கும். சக்கரத்தோடு பெடலும் திரும்புவதால் குதிகாலும் டயரும் சந்திப்பதில்லை. வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்துக்கு மாறுவதால், காலின் தடுப்பு பின் சக்கரத்தைவிட இங்கே பிடிப்போடு வேலை செய்யும். ஆனால் மிதிக்கும் ஒவ்வொரு விசையும் ஹேண்டிலைத் திருப்பப் பார்க்கும். பிரீவீல் உள்ள வண்டியிலேயே இதைப் பழகப் பலருக்கு நாள் பிடிக்கிறது, எதிர்மிதிப்பும் சேர்ந்தால் கைகளுக்கு இரட்டை வேலை. ஈரமான செங்குத்து ஏற்றத்தில் முன் சக்கரம் வழுக்கவும் செய்யும். பிரீவீலோடு கை பழகிய பின்னரே ஃபிக்ஸட் கியருக்கு மாற வேண்டும்.

அந்த மாற்றத்துக்கு உகந்தது, ஒரு பக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரமும் மறுபக்கம் பிரீவீலும் கொண்ட இருபக்க ஹப். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் அமைப்பு மாறிவிடும். கிராங்கிலிருந்து பின் சக்கரம் வரை செயின் ஏறக்குறைய நேராகச் செல்லும், கிடைமட்டப் பிளவுள்ள நீண்ட வடிவச் சாய்வு சைக்கிளை (பெடல் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வகை) ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் இதைப் பூட்டிப் பார்க்கலாம். தெருவில் இறங்குமுன் ஒரு சோதனை: ஃபிக்ஸட் பக்கத்தைப் பொருத்தி, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் பலமாகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். கீழ்ச் செயின் உருளையை விட்டு எழும்பினாலோ, உருளையின் தாங்கி வளைந்து கொடுத்தாலோ, மேல் செயின் கையகலத்துக்குத் தொய்ந்தாலோ, அந்த வண்டிக்குப் பிரீவீல் பக்கம்தான்.

பிரேக் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பிரிட்டனில் 1983-ஆம் ஆண்டு விதிகளின்படி ஃபிக்ஸட் சக்கரம் ஒரு பிரேக்குக்குச் சமமாகக் கருதப்படுவதால், முன் பிரேக் ஒன்று இருந்தாலே சட்டப்படி போதும். சாய்வு சைக்கிளில் அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டாம். 3.5 மீட்டர் செயினும் இரண்டு உருளைகளும் நடுவில் இருக்கும் ஒரு தடுப்பு முறையை உயிர்காக்கும் பிரேக்காக நம்ப முடியாது. செயின் கழன்ற அந்தக் கணமே அது இல்லாமல் போய்விடும். இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியே கைப்பிரேக் இருக்கட்டும். கியரை ஒரு மிதிக்கு 5 மீட்டருக்கு மேல் போகாமல் வையுங்கள். கிராங்க் 155 மி.மீ.-க்கு மேல் வேண்டாம். செயின் இறுக்கத்தை வாரம் ஒருமுறை கிராங்கை முழுச் சுற்றுச் சுற்றி, மிக இறுகும் இடத்தில் பார்த்துச் சரிசெய்யுங்கள்.